'எ டிஃபரென்ட் வேர்ல்ட்': ஒரு கல்லூரித் தொடரை மீண்டும் பார்க்கும்போது

'எ டிஃபரென்ட் வேர்ல்ட்' என்பது அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1987 செப்டம்பர் 24 முதல் 1993 ஜூலை 9 வரை ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடர். 'வேறோர் உலகம்' என்பது தலைப்பின் பொருள். ஆறு பருவங்களில் 144 அத்தியாயங்கள் வெளிவந்தன. ஹில்மன் என்ற கற்பனைக் கல்லூரியில் படிக்கும் கறுப்பின மாணவர்களின் விடுதி வாழ்க்கை, நட்பு, காதல், பணக் கவலை, வேலை தேடல் ஆகியவையே இதன் கதை.

ஒளிபரப்பு முடிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் இது வெறும் பழைய நினைவாகப் போய்விடவில்லை. அன்று பார்த்தவர்கள் இன்று தம் பிள்ளைகளோடு அமர்ந்து மீண்டும் பார்க்கிறார்கள். அவ்வாறு பார்க்கும்போது, முதலில் கண்ணில் படாத ஒன்று தெரிகிறது. இளைஞர்கள் தவறு செய்து, திருந்தி, மெல்ல வளர்வதைக் காட்டிய இத்தொடர், தானும் அதே வழியில்தான் வளர்ந்தது. தடுமாற்றத்தோடு தொடங்கி, தன் களத்தை நன்கு அறிந்தவர் கைக்கு வந்த பிறகே அது தன் இயல்பைக் கண்டடைந்தது. இக்கட்டுரை தொடரின் தோற்றம், பின்னணி, கதைமாந்தர், பேசிய பொருள்கள், இன்றைய மதிப்பு ஆகியவற்றை விளக்குகிறது.

தொடரின் தோற்றம்

1984இல் என்பிசியில் தொடங்கிய 'தி காஸ்பி ஷோ' அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் பெரும் வெற்றி பெற்ற தொடர்களுள் ஒன்று. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வாழும் ஹக்ஸ்டபிள் என்ற கறுப்பினக் குடும்பத்தின் கதை அது. தந்தை கிளிஃப் மகப்பேறு மருத்துவர். தாய் கிளேர் வழக்கறிஞர். இருவரும் ஹில்மன் கல்லூரியில் படித்தவர்கள் என்று அத்தொடரில் காட்டப்பட்டது.

இவர்களின் இரண்டாவது மகள் டெனீஸ். லிசா போனே நடித்த இப்பாத்திரம் இளம் பார்வையாளர்களிடையே மிகுந்த வரவேற்பைப் பெற்றது. பள்ளிப் படிப்பை முடித்த டெனீஸ், பெற்றோர் படித்த ஹில்மனுக்கே படிக்கச் செல்கிறாள். அங்கு அவள் வாழ்க்கை எப்படி அமைகிறது என்று சொல்வதற்காக உருவான கிளைத் தொடரே 'எ டிஃபரென்ட் வேர்ல்ட்'. வியாழக்கிழமை இரவுகளில் 'தி காஸ்பி ஷோ' முடிந்தவுடன் இது ஒளிபரப்பானது. அதனால் தொடக்கத்திலிருந்தே பெரும் பார்வையாளர் கூட்டம் கிடைத்தது. முதல் நான்கு பருவங்களிலும் நாட்டில் அதிகம் பார்க்கப்பட்ட ஐந்து தொடர்களுள் ஒன்றாக இது இருந்தது.

ஹில்மன் எத்தகைய கல்லூரி?

ஹில்மன் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ளதாகக் கதை சொல்கிறது. அது 'வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள்' என்று அழைக்கப்படும் வகையைச் சேர்ந்தது. இந்த வகைக் கல்லூரிகளைப் பற்றி அறியாமல் தொடரை முழுமையாகப் புரிந்துகொள்ள இயலாது.

அமெரிக்காவில் அடிமை முறை இருந்த காலத்தில் தென் மாநிலங்கள் பலவற்றில் கறுப்பினத்தவருக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றமாக இருந்தது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமை முறை ஒழிந்த பின்னும், வெள்ளையரின் கல்லூரிகள் பெரும்பாலும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனவே திருச்சபைகள், தொண்டு அமைப்புகள், அரசு, கறுப்பின மக்களே திரட்டிய நிதி ஆகியவற்றின் துணையோடு தனிக் கல்லூரிகள் எழுந்தன. பென்சில்வேனியாவின் செய்னி 1837இலேயே தொடங்கப்பட்டது. ஹோவர்டு, மோர்ஹவுஸ் ஆகியவை 1867இலும், பெண்களுக்கான ஸ்பெல்மன் 1881இலும் தோன்றின. 1964க்கு முன் கறுப்பின மக்களின் கல்வியை முதன்மை நோக்கமாகக் கொண்டு நிறுவப்பட்டவை இவ்வகைக் கல்லூரிகள் என்று 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் வரையறுத்தது. இன்று இவை சுமார் 100 உள்ளன.

மார்ட்டின் லூதர் கிங் 1948இல் மோர்ஹவுஸில் பட்டம் பெற்றார். எழுத்தாளர் டோனி மாரிசன் ஹோவர்டில் படித்தவர். 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட உணவு மேசையில் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கிய நான்கு மாணவர்களும் இத்தகைய கல்லூரி ஒன்றில் பயின்றவர்களே. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளும் அமெரிக்காவின் முன்னாள் துணைக் குடியரசுத் தலைவருமான கமலா ஹாரிஸ், இத்தொடர் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பு, 1986இல் ஹோவர்டில் பட்டம் பெற்றார்.

இவ்வளவு நீண்ட வரலாறு இருந்தும், அமெரிக்காவின் பெரும்பாலான வீடுகளுக்கு இக்கல்லூரிகளின் உள்வாழ்க்கை தெரியாது. அதை வாரந்தோறும் வரவேற்பறைக்குக் கொண்டு வந்தது இத்தொடர்.

முதல் பருவத்தின் தடுமாற்றம்

முதல் பருவத்தை இன்று பார்த்தால், கல்லூரி என்பது டெனீஸின் குறும்புகளுக்கு ஒரு பின்புலத் திரை மட்டுமே என்பது விளங்கும். அறைத் தோழிகளின் சண்டை, தேர்வுக்குப் படிக்காமல் விட்டது, கையில் காசு தீர்ந்துபோனது என்று எந்தக் கல்லூரியிலும் நடக்கக்கூடிய நிகழ்ச்சிகளே கதைகளாயின. டெனீஸின் அறைத் தோழிகளுள் ஒருத்தி மேகி. கறுப்பினக் கல்லூரியில் படிக்கும் வெள்ளையினப் பெண்ணான இந்தப் பாத்திரத்தில் மரிசா டோமே நடித்தார். பின்னாளில் இவர் ஆஸ்கர் விருது பெற்றார். மற்றொரு தோழி ஜலீசா. மணமுறிவு பெற்று, இருபதுகளின் நடுவில் மீண்டும் படிக்க வந்தவள். இவ்விருவரையும் வைத்துச் சொல்லியிருக்கக்கூடிய கதைகள் பல. ஆனால் முதல் பருவம் அவற்றின் பக்கம் அதிகம் போகவில்லை.

பார்வையாளர் எண்ணிக்கை அதிகமாக இருந்தாலும் விமர்சகர்கள் நிறைவடையவில்லை. கறுப்பினக் கல்லூரிகளில் படித்தவர்களும், தங்கள் கல்லூரி வாழ்க்கைக்கும் திரையில் வரும் ஹில்மனுக்கும் ஒற்றுமை இல்லை என்றே கருதினர்.

இந்த நிலையில் லிசா போனே கருவுற்றார். மணமாகாத மாணவி கருவுறுவதையே கதையாக்கலாம் என்ற யோசனை எழுந்தது. தயாரிப்பாளர் பில் காஸ்பி அதை ஏற்கவில்லை. டெனீஸ் கல்லூரியை விட்டு விலகுவதாகக் கதை மாற்றப்பட்டது. யாருக்காகத் தொடர் தொடங்கப்பட்டதோ அவரே இல்லாமல் போனார். மேகி பாத்திரமும் முதல் பருவத்தோடு நின்றது. வேறு தொடராக இருந்திருந்தால் இத்துடன் முடிந்திருக்கும்.

டெபி ஆலன் செய்த மாற்றம்

1988இல் இரண்டாம் பருவம் தொடங்கியபோது தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் பொறுப்பேற்றவர் டெபி ஆலன். நடனக் கலைஞரும் நடிகையுமான இவர் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர். 'தி காஸ்பி ஷோ'வில் தாய் கிளேராக நடித்த ஃபிலிஷியா ரஷாத் இவருடைய உடன்பிறந்த சகோதரி. அவரும் அதே பல்கலைக்கழகப் பட்டதாரி.

டெபி ஆலன் செய்த முதல் வேலை எளிமையானது. கதை எழுதுபவர்களை அட்லான்டாவுக்கு அழைத்துச் சென்று ஸ்பெல்மன், மோர்ஹவுஸ் கல்லூரி மாணவர்களோடு பேச வைத்தார். மாணவர்கள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எதை வீட்டில் சொல்லத் தயங்குகிறார்கள் என்பவை நேரில் கேட்டறியப்பட்டன. அங்கிருந்து வந்த செய்திகள் கதைகளாக மாறின.

விளைவு உடனே தெரிந்தது. விடுதியும் வகுப்பறையும் உயிர் பெற்றன. 'தி பிட்' என்ற மாணவர் உணவகமும் அதன் சமையல்காரர் வெர்னன் கெய்ன்ஸும் கதையின் நடுவுக்கு வந்தனர். கணிதப் பேராசிரியரும் மாணவர் படைப் பயிற்சியின் தலைவருமான கர்னல் டெய்லர், கண்டிப்பும் பரிவும் கலந்த ஆசிரியராக உருவானார். மருத்துவம் படிக்க விரும்பும் கிம், சமூகப் போராட்டங்களில் ஆர்வம் கொண்ட ஃபிரெடி என்ற புதிய மாணவிகள் சேர்ந்தனர். தொடக்கப் பாடலும் மாறியது. முதல் பருவத்தில் ஃபீபி ஸ்னோ பாடியதை இரண்டாம் பருவம் முதல் அரீத்தா ஃபிராங்க்லின் பாடினார். இறுதிப் பருவத்தில் பாய்ஸ் டு மென் குழு பாடியது. அப்பாடலை எழுதிய மூவருள் ஒருவர், ஜலீசாவாக நடித்த டான் லூயிஸ்.

ஒரு பெண்ணின் கதையாகத் தொடங்கியது இவ்வாறு ஒரு கல்லூரியின் கதையாக மாறியது.

கதைமாந்தரின் வளர்ச்சி

நகைச்சுவைத் தொடர்களில் பாத்திரங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. கஞ்சன் கடைசி வரை கஞ்சன்; அசடு கடைசி வரை அசடு. அடுத்த வாரமும் அதே சிரிப்பு வர வேண்டும் என்பதால் இது வசதியான முறை. கல்லூரிக் கதையில் இந்த முறை நெடுநாள் செல்லாது. மாணவர்கள் தேர்வு எழுதி, பட்டம் பெற்று, வெளியேற வேண்டியவர்கள். இத்தொடர் அந்தக் கட்டாயத்தையே தன் பலமாக்கிக்கொண்டது.

ஜாஸ்மின் கய் நடித்த விட்லி கில்பர்ட் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ரிச்மண்டு நகரின் செல்வக் குடும்பத்தில், நீதிபதியின் மகளாகப் பிறந்தவள். மாணவியர் விடுதியே அவள் குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கிறது. முதல் பருவத்தில் அவள் வெறும் கேலிப் பாத்திரம். உடை, ஒப்பனை, தகுந்த கணவன் ஆகியவற்றுக்கு அப்பால் எதையும் நினைக்காதவள். பின்னர்தான் அந்தப் பெருமைக்குள் இருக்கும் பயம் வெளிப்படுகிறது. பெற்றோரின் மணமுறிவு, தாயின் அளவற்ற எதிர்பார்ப்பு, தனக்கென ஒரு திறமை உண்டா என்ற ஐயம் ஆகியவை ஒவ்வொன்றாக வருகின்றன. கலை அறிவை வைத்து ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறாள். தன் சம்பளத்தில் வாழக் கற்றுக்கொள்கிறாள். மனம் தளர்ந்தபோது உளநல மருத்துவரை நாடுகிறாள். அந்த மருத்துவராக நடித்தவர் டெபி ஆலனே. உளநல சிகிச்சை பெறுவதைப் பலரும் வெளியில் சொல்லத் தயங்கிய காலத்தில், கதாநாயகியே அதைச் செய்வதாகக் காட்டியது குறிப்பிடத்தக்கது.

கதீம் ஹார்டிசன் நடித்த டுவெய்ன் வெய்ன் புரூக்ளினிலிருந்து வந்தவன். கணிதத்தில் கெட்டிக்காரன். மேல்நோக்கித் திறக்கும் இரட்டைக் கண்ணாடி அவன் அடையாளம். தொடக்கத்தில் டெனீஸின் பின்னால் சுற்றுவதே அவன் வேலை. காலப்போக்கில் தன் அறிவைப் பிறருக்குப் பயன்படுத்தக் கற்று, படித்த கல்லூரியிலேயே கணிதம் கற்பிக்கிறான். எதிரும் புதிருமான விட்லியும் டுவெய்னும் நண்பர்களாகி, காதலர்களாகி, திருமண உறுதி செய்து, அது முறிந்து, மீண்டும் சேர்கிறார்கள். இத்தனைக்கும் பல பருவங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன.

ஃபிரெடி எல்லாப் போராட்டங்களிலும் முன்நிற்பவளாக வந்து, இறுதியில் சட்டம் படிக்கிறாள். உரக்கப் பேசுவது மட்டும் போதாது, வாதிடவும் தெரிய வேண்டும் என்ற முடிவுக்கு அவள் வந்து சேர்வது இயல்பாகக் காட்டப்படுகிறது. காவல்துறை அதிகாரியின் மகளான கிம், படிப்புச் செலவுக்காக உணவகத்தில் வேலை செய்துகொண்டே மருத்துவப் படிப்புக்குத் தயாராகிறாள். விட்லிக்குக் கிடைத்த எதுவும் கிம்முக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஒரே இனம், ஒரே கல்லூரி என்றாலும் வசதியில் வேறுபாடு உண்டு என்பதைத் தொடர் இவ்விருவரின் நட்பின் வழியே பேசுகிறது.

வகுப்பறைக்குள் வந்த வெளியுலகம்

இத்தொடர் இன்றும் பேசப்படுவதற்கு மற்றொரு காரணம், அது எடுத்துக்கொண்ட பொருள்கள். அவற்றுள் சில வருமாறு.

பாலியல் வன்முறை: இரண்டாம் பருவத்தில், கல்லூரியில் புகழ்பெற்ற விளையாட்டு வீரன் ஒருவன் ஃபிரெடியோடு பழகத் தொடங்குகிறான். பெண்ணின் மறுப்பை அவன் மறுப்பாகவே கருதுவதில்லை என்பதை டுவெய்ன் அறிகிறான். அறிமுகமானவரே வன்முறையில் ஈடுபடலாம் என்பதையும், நண்பனின் தவறைக் கண்டும் பேசாமல் இருப்பது அதற்குத் துணைபோவதே என்பதையும் அந்த அத்தியாயம் விளக்கியது.

தென்னாப்பிரிக்கா: 1980களில் அமெரிக்க மாணவர்கள், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் முதலீடு செய்யும் நிறுவனங்களோடு தங்கள் கல்லூரிகள் உறவு வைத்துக்கொள்ளக் கூடாது என்று போராடினர். மூன்றாம் பருவத்தில் அத்தகைய நிறுவனம் ஒன்றின் உதவித்தொகை கிம்முக்குக் கிடைக்கிறது. கொள்கைக்காகப் பணத்தை மறுப்பது வசதியுள்ளவர்களுக்கு எளிது; அந்தப் பணம் இல்லையென்றால் படிப்பே நின்றுவிடும் என்ற நிலையில் இருப்பவர் என்ன செய்வார்? கேள்வியின் இரு பக்கங்களும் அங்கே முன்வைக்கப்பட்டன.

போர்: 1991 தொடக்கத்தில் வளைகுடாப் போர் மூண்டபோது, படைக்கு அழைக்கப்படும் ஓர் இளைஞனை மையமாக வைத்து ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானது. கல்விச் செலவுக்காகப் படையில் பெயர் கொடுத்த இளைஞர் பலருக்கு அந்தக் கதை நெருக்கமாக இருந்தது.

எய்ட்ஸ்: 1991 ஏப்ரல் 11 அன்று ஒளிபரப்பான அத்தியாயம் இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. பேச்சுக்கலை வகுப்பில் பேராசிரியர் ஒரு பயிற்சி தருகிறார். தம் இறுதிச் சடங்கில் படிக்கப்பட வேண்டிய உரையை ஒவ்வொருவரும் எழுதி வாசிக்க வேண்டும். பிறர் வேடிக்கையாக வாசிக்க, ஜோசி என்ற மாணவி தனக்கு எய்ட்ஸ் இருப்பதை அந்த உரையில் வெளிப்படுத்துகிறாள். பேராசிரியராக ஊப்பி கோல்ட்பர்க்கும், ஜோசியாக டிஷா கேம்ப்பெல்லும் நடித்தனர். எய்ட்ஸ் சிலருக்கு மட்டுமே வரும் நோய் என்ற எண்ணம் பரவலாக இருந்த காலம் அது. புகழ்பெற்ற கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தமக்கு எச்ஐவி தொற்று இருப்பதை அறிவித்தது 1991 நவம்பர் 7 அன்றுதான். அதற்கு ஏறத்தாழ ஏழு மாதங்களுக்கு முன்பே இந்த அத்தியாயம் வெளிவந்துவிட்டது.

இன இழிவுச் சித்திரங்கள்: 1991 டிசம்பரில் வந்த ஓர் அத்தியாயத்தில், கறுப்பினப் பெண்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றை விட்லி அமைக்கிறாள். வெள்ளையர் வீட்டில் பணிசெய்யும் பருத்த, எப்போதும் சிரிக்கும் கறுப்பினப் பெண் என்ற பழைய கேலிச் சித்திரமும் அதில் இடம்பெறுகிறது. சிறுவயதில் அந்த உருவத்தோடு ஒப்பிடப்பட்டு அவமானம் அடைந்த கிம் அதை எதிர்க்கிறாள். இதற்கிடையில், தன் முன்னோர் சிலர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்கள் என்ற உண்மை விட்லிக்குத் தெரிய வருகிறது. தோல் நிறம், வர்க்கம், வரலாறு ஆகிய மூன்றும் ஒரே அத்தியாயத்தில் மோதுகின்றன.

லாஸ் ஏஞ்சலஸ் கலவரம்: ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைத் தாக்கிய காவலர்கள் தண்டனையின்றி விடப்பட்டதைத் தொடர்ந்து 1992 ஏப்ரல் 29 அன்று கலவரம் வெடித்தது. 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய ஆறாம் பருவத்தின் முதல் கதையில், தேனிலவுக்காக அந்நகரம் சென்ற விட்லியும் டுவெய்னும் கலவரத்தில் சிக்குகிறார்கள்.

இவை எல்லாம் நகைச்சுவைத் தொடரின் கட்டுக்குள்ளேயே சொல்லப்பட்டன. பாத்திரங்களை ஏற்கெனவே நேசிக்கத் தொடங்கிவிட்ட பார்வையாளர், அவர்களுக்கு நேரும் துன்பத்தைச் செய்தியாகப் பார்க்காமல் தம் வீட்டில் நடப்பதாகவே உணர்ந்தனர்.

இன்றைய பார்வையில் குறைகள்

மீண்டும் பார்ப்பது என்பது பாராட்டுவதற்கு மட்டுமல்ல. அன்று உறுத்தாத சில செய்திகள் இன்று உறுத்துகின்றன.

அரை மணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக எஞ்சுவது சுமார் 22 நிமிடங்கள். அதற்குள் பெரிய சமூகச் சிக்கல்களை எழுப்பி முடித்துவைக்க வேண்டிய நெருக்கடி பல இடங்களில் தெரிகிறது. சில வசனங்கள் பாடம் நடத்துவது போல் ஒலிக்கின்றன. முதல் பருவங்களில் டுவெய்னும் அவன் நண்பன் ரானும் பெண்களை விடாமல் பின்தொடர்வது சிரிப்பாகக் காட்டப்படுகிறது. பாலியல் வன்முறையைப் பற்றி அவ்வளவு பொறுப்போடு பேசிய தொடரே இதையும் செய்தது. முதன்மைக் கதைமாந்தர்களில் ஒருவர்கூடத் தன்பால் ஈர்ப்பு கொண்டவராக இல்லை. ஐந்தாம் பருவத்தில் கர்னல் டெய்லரை மணந்துகொண்ட ஜலீசா, ஆறாம் பருவத்தில் விளக்கம் ஏதுமின்றிக் காணாமல் போகிறாள்.

தொடரின் மிகப் புகழ்பெற்ற காட்சியும் இன்று வேறு விதமாகப் பார்க்கப்படுகிறது. 1992 மே மாதம் ஒளிபரப்பான ஐந்தாம் பருவ இறுதியில், விட்லிக்கும் அரசியல்வாதி பைரனுக்கும் நடக்கும் திருமணத்தின் நடுவே டுவெய்ன் எழுந்து தன் காதலைச் சொல்லித் திருமணத்தை நிறுத்துகிறான்; விட்லி அவனையே மணக்கிறாள். அன்று கோடிக்கணக்கானோர் கைதட்டி மகிழ்ந்த காட்சி இது. இன்றைய இளைஞர்கள், மணமேடையில் விடப்பட்ட பைரன் செய்த தவறு என்ன என்று கேட்கிறார்கள். இரு எதிர்வினைகளிலும் நியாயம் உண்டு. பல பருவங்களாக அந்த இருவரையும் பின்தொடர்ந்தவருக்கு அது ஒரு பயணத்தின் முடிவு. அந்தக் காட்சியை மட்டும் பார்ப்பவருக்கு அது அநீதி.

பில் காஸ்பியின் நிழல்

இத்தொடரை உருவாக்கியவர் பில் காஸ்பி. அவர்மீது பல பெண்கள் பாலியல் குற்றச்சாட்டுகளைக் கூறினர். 2018இல் பென்சில்வேனியாவில் ஒரு வழக்கில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 2021இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், வழக்கு நடத்தப்பட்ட முறையில் அவருடைய சட்ட உரிமை மீறப்பட்டதாகக் கூறி அத்தீர்ப்பை நீக்கியது. குற்றச்சாட்டுகள் பெருகிய காலத்தில் 'தி காஸ்பி ஷோ'வின் மறுஒளிபரப்புகள் பல இடங்களில் நிறுத்தப்பட்டன.

ஒரு படைப்பை அதைப் படைத்தவரிடமிருந்து பிரித்துப் பார்க்கலாமா என்ற கேள்வி இங்கே எழுகிறது. இதற்கு அனைவரும் ஏற்கும் விடை இல்லை. காஸ்பியின் பெயரைத் திரையில் காண்பதே சிலருக்கு வேதனை தருகிறது. அவர்கள் தொடரைப் பார்க்காமல் விடுவது புரிந்துகொள்ளத்தக்கது. வேறு சிலர் இரண்டு தொடர்களையும் வேறுபடுத்திப் பார்க்கிறார்கள். 'தி காஸ்பி ஷோ'வின் ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவரே மையம். அவருடைய முகமே அத்தொடரின் முகம். 'எ டிஃபரென்ட் வேர்ல்ட்' இரண்டாம் பருவத்திலிருந்து டெபி ஆலனும், அவருடைய எழுத்தாளர்களும், இளம் நடிகர்களும் கட்டிய படைப்பு. ஒரு மனிதரின் செயல்களுக்காக இத்தனை பேரின் உழைப்பை ஒதுக்க வேண்டுமா என்று அவர்கள் கேட்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர் என்பது பலரின் கூட்டுப் படைப்பு என்பதை நினைவூட்டும் வாதம் இது.

தொடரின் தாக்கம்

இத்தொடரைப் பார்த்தே கறுப்பினக் கல்லூரியில் சேர்ந்ததாகச் சொல்லும் பட்டதாரிகள் பலர். தொடர் ஒளிபரப்பான ஆண்டுகளில் அக்கல்லூரிகளின் மாணவர் சேர்க்கை உயர்ந்ததும் உண்மை. ஆனால் ஒரு தொலைக்காட்சித் தொடரை மட்டும் அதற்குக் காரணமாகக் கூறுவது சரியாகாது. அதே காலத்தில் அமெரிக்காவில் பொதுவாகவே கல்லூரிச் சேர்க்கை கூடியது. கறுப்பின நடுத்தர வர்க்கம் வளர்ந்து வந்தது. வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள வளாகங்களில் நடந்த இனவெறிச் செயல்கள் பெற்றோரை யோசிக்க வைத்தன. ஸ்பைக் லீ இயக்கி 1988இல் வெளிவந்த 'ஸ்கூல் டேஸ்' திரைப்படமும் கறுப்பினக் கல்லூரியைக் களமாகக் கொண்டது. அதில் ஜாஸ்மின் கய், கதீம் ஹார்டிசன், ரானாக நடித்த டாரில் பெல் ஆகிய மூவரும் நடித்திருந்தனர்.

தொடரின் பங்களிப்பை வேறு விதமாகச் சொல்லலாம். குடும்பத்தில் முதல் முறையாகக் கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு, கல்லூரி என்றால் எப்படி இருக்கும் என்று சொல்ல வீட்டில் யாரும் இருப்பதில்லை. விடுதி அறை எப்படி இருக்கும், பேராசிரியரிடம் எப்படிப் பேசுவது, தேர்வில் தோற்றால் என்ன ஆகும், பணம் தீர்ந்தால் யாரிடம் கேட்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் இத்தொடர் ஒரு முன்காட்சியாக இருந்தது. தன்னைப் போன்ற முகங்கள் அந்த வளாகத்தில் நடப்பதைப் பார்த்த பிள்ளைக்கு, அந்த இடம் தனக்கும் உரியது என்ற எண்ணம் பிறந்தது. 2024இல் தொடரின் நடிகர்கள் மீண்டும் ஒன்றுகூடி இத்தகைய கல்லூரிகளுக்குப் பயணம் மேற்கொண்டபோது, தொடர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்த மாணவர்கள் அவர்களை வரவேற்றனர்.

நிறைவாக

இறுதி அத்தியாயத்தில் டுவெய்னுக்கு ஜப்பானில் வேலை கிடைக்கிறது. கருவுற்றிருக்கும் விட்லியோடு அவன் ஹில்மனை விட்டுப் புறப்படுகிறான். நண்பர்கள் விடைகொடுக்கிறார்கள். எந்தக் கல்லூரியிலும் ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்ச்சிதான் இது. ஆனாலும் முதல் பருவத்தின் விட்லியையும் டுவெய்னையும் நினைவில் வைத்திருப்பவருக்கு, அவர்கள் கடந்து வந்த தொலைவு தெரியும்.

கல்லூரி வாழ்க்கையைச் சொல்லும் கதைகள் பெரும்பாலும் அந்த ஆண்டுகளின் இனிமையை மட்டும் நினைவில் நிறுத்துகின்றன. 'எ டிஃபரென்ட் வேர்ல்ட்' அந்த ஆண்டுகள் மனிதரை என்ன செய்கின்றன என்பதைக் காட்டியது. பெருமை பேசியவள் உழைக்கக் கற்றாள். விளையாட்டுப் பிள்ளை ஆசிரியரானான். கூச்சலிட்டவள் வழக்காடக் கற்றாள். தொடரின் குறைகளைக் கண்டுகொள்ளும் இன்றைய பார்வையாளரும், அது வற்புறுத்திய ஒரு பழக்கத்தையே பின்பற்றுகிறார்: தாம் நேசிப்பதையும் கேள்வி கேட்பது.